நல்ல கையை முதல்ல எடுங்க

போன வருஷம் ஆஷாட மாதத் தள்ளுபடியின் கடைசிச் சனிக்கிழமை அது. நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி ஹைதராபாத்திலும் அந்த ஒரு மாதம் துணிக்கடைகளில் கால் வைக்க முடியாது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அமீர்பேட்டில் ஒரு மூன்று மாடிக் கடையில், ட்ரையல் ரூம் வரிசையில், கையில் மூன்று குர்தாவும் ஒரு பிளாஸ்டிக் டோக்கனுமாக நின்றிருந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகவேண்டும். போட்டுக்கொண்டு போக உடை இல்லை.

பீரோவில் புடவை இல்லையா என்று கேட்பீர்கள். அடைத்துக்கொண்டு இருக்கிறது. ஆனால் எனக்கு வலது தோள் இறுகிப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்தது, கை தோளுக்கு மேல் போகாது என்பதுதான். கொசுவம் வைத்து, முந்தானையை இழுத்து ஊக்கு குத்தி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கணவரைக் கூப்பிட்டால் இரண்டு நாள் புடவையில் குத்துவார், மூன்றாம் நாள் என்னைக் குத்திவிடுவார். உப்பலிலிருந்து ராய்துர்க் வரை மெட்ரோவில் நின்றுகொண்டு போகவேண்டிய வேலைக்கு, குர்தாதான் வழி என்று முடிவு செய்தேன்.

வேலை என்னவென்றால், கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பது. தங்கையிடம் அப்படித்தான் பெருமையடித்துக்கொண்டேன். உண்மையில், யார் யாரோ பேசிய தமிழை ஹெட்போனில் கேட்டு ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுக்கவேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தபோது ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் என் மகன் வயது. பக்கத்தில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, “ஆண்ட்டி, யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு இவ்வளவு அலையவேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. உப்பலில் இரண்டு கடை, ஹப்சிகுடாவில் ஒன்று, இது நான்காவது. துணிக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த பெண்கள் இரண்டே வகை. ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்குத் தோளில் ஓட்டை, முதுகில் கயிறு, இடுப்பு வரை பிளவு. இன்னொருத்திக்கு எழுபத்தைந்து. அவளுக்கு மரூன், பிரவுன், அழுக்குப் பச்சை, அளவுக்கு ஒரு கூடாரம். நடுவில் இருக்கிற நாங்களெல்லாம் எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு கடையின் எக்ஸ்எல் என் தலைக்குள்ளேயே இறங்கவில்லை. இன்னொரு கடையின் எக்ஸ்எல்லுக்குள் நானும் என் தங்கையும் சேர்ந்தே நுழையலாம். மலிவாக இருந்ததைத் திருப்பி லேசாக இழுத்தால் தையல் பல்லைக் காட்டியது. தையல் நன்றாக இருந்ததன் விலைச்சீட்டைப் பார்த்தால் எனக்கே பல் கிட்டியது. ஒரு கடையில், துணியும் நிறமும் எல்லாம் பிடித்துப்போய், கையில்லாமல் இருக்கிறதே என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “சேதுலு லோபல உன்னாயி மேடம்” என்றாள். கை உள்ளே இருக்கிறதாம். உள்ளே பார்த்தால் இரண்டு துண்டுத் துணியை ஊக்கு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு டெய்லரைத் தேடிப் போனால் அவர் பத்து நாள் கேட்பார். எனக்கு இருந்தது ஒன்றரை நாள்.

இந்த எரிச்சலோடுதான் அந்த வரிசையில் நின்றிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து தங்கை போன் செய்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஹைதராபாத்துக்கு வந்த ஏழு வருஷத்தில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியிடத்தில் தமிழில் எதை வேண்டுமானாலும் சத்தமாகப் பேசலாம், யாருக்குப் புரியப்போகிறது என்ற நினைப்பு. ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டே அந்த ஆட்டோக்காரரைப் பற்றிப் பேசுவோம். ஓட்டலில் பக்கத்து மேஜைக்காரர் எத்தனை பூரி சாப்பிட்டார் என்று எண்ணுவோம். குளியலறையில் பாடுகிறவர்களுக்கு வருகிற தைரியம்தான் அது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

ட்ரையல் ரூம்களுக்கு வெளியே பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு கதவு திறந்து ஒரு அம்மா வெளியே வந்து அதன் முன் நின்றார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். போட்டிருந்த குர்தா சாமந்திப்பூ மஞ்சள். கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலில் சின்ன வேலைப்பாடு. அவர் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

நான் போனில் சொன்னேன்: “இரு, இங்க ஒரு கூத்து நடக்குது. அறுபத்தஞ்சு வயசு இருக்கும் இந்தம்மாவுக்கு. பளீர்னு மஞ்சளைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டிருக்கு. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு வீட்டுல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்களோ என்னமோ.”

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடியில் அந்த அம்மாவின் பார்வை ஒரு நொடி என் பக்கம் வந்து போனது. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். மஞ்சள் குர்தாவை அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் கொடுத்து, “வத்தம்மா” என்றார். வேண்டாம் என்று அர்த்தம். பக்கத்து ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் தேடி, சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். இதையெல்லாம் நான் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

முதல் குர்தா கழுத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது கூடாரம். மூன்றாவது, நீல நிறக் காட்டன், அக்குளில் கொஞ்சம் பிடித்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்ததில் இறங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பரவாயில்லை. வேலைக்குப் போகிற பெண்மணி மாதிரிதான் இருந்தேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாக நின்றேன்.

அப்புறம் அதைக் கழட்டப் போனேன். இடது கையால் கீழ்விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் இழுத்தேன். பாதி தூரம் வந்தது. வலது தோள் ஒரு இடத்தில் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. வலி தோளிலிருந்து விரல் நுனி வரை போனது. முகத்தை மூடிக்கொண்டு நீலத் துணி, இரண்டு கையும் அரைகுறையாக மேலே, இடுப்புக்கு மேல் வெறும் ஸ்லிப். கீழே பையில் போன் அடிக்கிறது. எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் காய்கறி வாங்குகிற தெலுங்கு. “யாராவது வாங்களேன்” என்று தமிழில்தான் கத்த வந்தது. சொன்னால் வெட்கம், அழுதேவிட்டேன்.

பக்கத்து அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. “என்னாச்சும்மா? கைக்கு அழறீங்க? தாழ்ப்பாளைத் தள்ளுங்க, நான் உள்ள வரேன்.”

‘கைக்கு’ என்றால் இந்த ஊர் உருதுவில் ‘ஏன்’. ஹைதராபாத்தில் ஊறிய தமிழ். எப்படிப்பட்ட தமிழாக இருந்தால் என்ன, எனக்கு உயிர் வந்தது. இடது கை விரலால் தடவித் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

“எந்தக் கை வலி?”

“வலது.”

“எத்தனை மாசமா?”

“ஆறு.”

“அப்ப அதைத் தொடவே நக்கோ, வேணாம். நல்ல கையை முதல்ல எடுங்க. அது வெளிய வந்துட்டா துணி தளர்ந்துடும். வலிக்கிற கைக்கு அப்புறம் வேலையே இல்ல.”

துணியை மேலே இழுக்காமல் முதலில் கீழே இறக்கினார். இடது முழங்கையை மடக்கச் சொல்லி, அக்குள் தையலை ஒரு விரலால் நகர்த்தி, கையை மட்டும் வெளியே எடுத்தார். அப்புறம் தலை. கடைசியில் வலது கையைத் தொங்கவிட்டபடியே, தலையணை உறையை உருவுகிற மாதிரி குர்தாவை உருவினார். ஒரு இடத்தில்கூட வலிக்கவில்லை. நான் போட்டு வந்திருந்த பழைய தொளதொள டாப்பை எடுத்து, “போடும்போது மாத்திச் செய்யணும், வலிக்கிற கை முதல்ல” என்று சொல்லிக்கொண்டே அதையும் போட்டுவிட்டார்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் குர்தா போட்டிருந்தார், கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது. அந்த மஞ்சள் குர்தா அம்மா.

எனக்கு அரை நிமிஷம் உறைக்கவே இல்லை. தமிழில் பேசுகிறார். தமிழ் தெரிந்தவர். அப்படியென்றால் வெளியே நான் பேசியது. உறைத்தபோது, முகத்தை மூடிக்கொண்டிருந்த அந்தத் துணியே மேல் என்று தோன்றியது.

“நீங்க தமிழா?” என்று கேட்டேன். அதைவிட அசட்டுக் கேள்வி இருக்க முடியாது.

“ஹவ், ஆமா. மெட்டுகுடா. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்காக ஜோலார்பேட்டைலேர்ந்து வந்தாரு. நான் குவார்ட்டர்ஸ்லயே பொறந்தவ. நீங்க தஞ்சாவூர்ப் பக்கம்தான?”

“எப்படித் தெரியும்?”

“பேச்சைக் கேட்டா தெரியாதா?”

அதற்கு முன் இந்த அறைக்குள் அவரிடம் நான் பேசியது மொத்தமே நாலு வார்த்தை. வலது, ஆறு, நீங்க தமிழா. அவர் குத்திக்காட்டவில்லை. குர்தாவை நேராக்கி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் குத்தியது.

“தப்பாப் பேசிட்டேன்க்கா. மன்னிச்சிடுங்க.”

அவர் அங்கே இருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீங்க என்ன புதுசாவா சொல்லிட்டீங்க? அதே கேள்வியைத்தான் நானும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கிட்டிருந்தேன். பரவால்ல, எடுத்துக்கோன்னு கொஞ்சம் கொஞ்சமா மனசைச் சரி பண்ணிக்கிட்டு வந்தேன். அதுக்குள்ள உங்க குரல் கேட்டுச்சு.”

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக விசாரித்ததில் மிச்சத்தையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் நர்ஸ். அத்தனை வருஷமும் வெள்ளை. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமையும் வந்து இதே மஞ்சளைப் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று எடுத்தே தீருவது என்று கிளம்பி வந்திருக்கிறார். புது வேலைக்கு உடை தேடி அலைகிற என் கதையை நானும் சொன்னேன்.

“இங்கயே இருங்கக்கா” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பணிப்பெண்ணிடம் திரும்பக் கொடுத்த துணிகள் தொங்கும் கம்பியில் மஞ்சள் இல்லை. ஸ்டாண்டில் தேடினேன். சின்ன அளவில் இரண்டு இருந்தது, அவர் அளவு இல்லை. பில் போடுகிற வரிசைக்கு ஓடினேன். ஒரு கல்லூரிப் பெண்ணின் கூடையில், மேலாக, சாமந்திப்பூ மஞ்சள்.

நான் வெட்கத்தைவிட்டு அவளிடம் போய், என் காய்கறித் தெலுங்கில், இது உனக்கா என்று கேட்டேன். எப்படியாவது கெஞ்சி வாங்கிவிடலாம் என்ற எண்ணம். “மா மம்மிகி ஆண்ட்டி” என்றாள். அம்மாவுக்காம். அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். ஐம்பத்தெட்டாம். அம்மா எப்போதும் மங்கலாகவே உடுத்துகிறாராம், இவள் சண்டை போட்டு இதைப் போடவைக்கப் போகிறாளாம். அப்புறம் குர்தாவை விரித்துத் தூக்கிக் காட்டி, “பாகுந்தா ஆண்ட்டி?” என்று என்னையே கேட்டாள்.

வீட்டில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்களோ என்று கேட்டவள் நான். வீட்டில் சொல்கிற ஒரு பெண் இதோ என் எதிரில் நிற்கிறாள். அவள் சொல்வதோ, போட்டுக்கொள் என்று. அவளிடம் போய் எப்படிக் கேட்பது? “சாலா பாகுந்தி” என்றேன். ரொம்ப நன்றாக இருக்கிறது. அதை அரை மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஒருத்தரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

வெறுங்கையோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் சாம்பல் குர்தாவின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “அந்தப் பொண்ணோட அம்மா கொடுத்து வச்சவ” என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, “சரி, உங்களுக்கு என்னைக்கு வேலை? திங்கட்கிழமையா? வாங்க” என்று என் இடது கையைப் பிடித்து மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் கொடுக்கிற தாய்மார்களுக்கான பிரிவு. “முன்னாடி முழுசாத் திறக்கிற மாதிரி இங்கதான் கிடைக்கும். தினம் துவைக்கிற துணி, அதனால தையலும் கெட்டியா இருக்கும். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். விற்கிற பெண் வந்து, “கூத்துரிகா, கோடலிகா?” என்று கேட்டாள். மகளுக்கா, மருமகளுக்கா என்று கேட்கிறாள். அக்கா முகத்தில் சிரிப்பே இல்லாமல், “ஈவிடகே” என்று என்னைக் கைகாட்டினார். இவங்களுக்குத்தான். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு சிரித்தோம். நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்காதது அங்கே கிடைத்தது. இலைப்பச்சையில் ஒன்று, நீலத்தில் பூப்போட்டது ஒன்று, மரூனில் ஒன்று. முழுக்கை, முன்னால் பட்டன், பக்கத்தில் நிஜமான பாக்கெட். விலையும் கையைக் கடிக்கவில்லை.

அவர் அந்தச் சாம்பல் நிறத்தையே பில் போட்டுக்கொண்டார். வேண்டாம்க்கா, வேறு பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். “வந்ததுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போவோம்” என்றுவிட்டார்.

இருவரும் ஒரே மெட்ரோவில் ஏறினோம். வெளியே மழை. அவர் என் தோளுக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறவேண்டுமாம், நேற்று ஏறியதைவிட இன்று ஒரு அங்குலம். நான் தலையாட்டிக்கொண்டே அவர் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் துணி கொஞ்சம் வெளியே தெரிந்தது. பெயர் கேட்கவேண்டும், நம்பர் கேட்கவேண்டும், இன்னொரு நாள் இரண்டு பேருமாகப் போய் அந்த மஞ்சளைத் தேடவேண்டும் என்று நினைத்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டே இருந்ததில் மெட்டுகுடா வந்துவிட்டது. “நல்ல கை முதல்ல, மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கதவு மூடிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. வரக்கூடாத நேரத்தில் வருகிற வாய், வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

திங்கட்கிழமை இலைப்பச்சையைப் போட்டுக்கொண்டு போனேன். யாரைக் கூட்டி வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து சீட் பெண், பாக்கெட் வைத்த குர்தா எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பெருமையாகக் கடை பெயர் சொன்னேன், எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. விரலால் சுவரேறி ஏறித் தோளும் இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது. வேலையில், தினமும் எட்டு மணி நேரம் முகம் தெரியாதவர்களின் தமிழைக் கேட்கிறேன். சில சமயம் அவர்கள் பக்கத்தில் இருக்கும் யாரையோ பற்றிச் சிரித்துக்கொண்டு பேசுகிற பேச்சும் பதிவில் வரும். அதைத் தட்டச்சு செய்யும்போது கை தயங்கும். அந்த ‘யாரோ’ அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாரா என்று யோசிப்பேன்.

மூன்று மாதம் கழித்து உப்பலில் ஒரு கடையில் அதே சாமந்தி மஞ்சள் கண்ணில் பட்டது, என் அளவில். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. தஞ்சாவூர்த் தமிழில், என் குரலேதான். அப்போதுதான் தெரிந்தது, அன்று நான் சொன்னது அந்த அக்காவைப் பற்றியே இல்லை. திங்கட்கிழமையை நினைத்துப் பயந்துபோயிருந்த என்னைப் பற்றித்தான். என் பயத்தை இறக்கிவைக்க அவருடைய மஞ்சள் அகப்பட்டது. அந்தக் குர்தாவை வாங்கிக்கொண்டேன்.

வாரத்தில் ஒரு நாள் அதைப் போடுகிறேன். அன்றைக்கு மட்டும், மெட்டுகுடா நெருங்கும்போது சீட்டை விட்டு எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பிளாட்பாரத்தில் நரைமுடியை இறுக்கி முடிந்த ஒல்லியான ஒருத்தர் நிற்கிறாரா என்று பார்ப்பேன். அதைவிட, அவர் என்னைப் பார்க்கவேண்டும் என்றுதான் நிற்கிறேன். இதுவரை அகப்படவில்லை. என்றாவது ஒரு நாள் அவர் என் எதிரில் வந்து, ‘நானும் ஒண்ணு எடுத்துட்டேன்’ என்று சொல்கிறவரை, இந்த மஞ்சள் எனக்கு அவரிடமிருந்து வாங்கிய இரவல் உடைதான்.